46,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஈபெர்ப்பை வீல்ஹவுஸுக்குள் மாட்டிவிட்டுப் போனார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் விற்கும் ஒரு கடை. போன மாதம் அங்கே, ஆபத்துச் சிக்னல் அனுப்பும் ஈபெர்ப் கருவிக்கு 46,500 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். மாட்டுகூலி, பதிவு எல்லாம் அதிலேயே அடக்கம் என்றார்கள்.

நாங்கள் தூத்தூர்க்காரர்கள். 2017 நவம்பர் 30, ஓகி புயல், எங்களுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். தங்கலுக்கு, அதாவது பல நாள் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் போனால் கரையைப் பார்க்க நாள்கணக்காகும், செல்போனும் எட்டாது. அதனால்தான் போட்டு (படகு) மூழ்கினால் தானே கழன்று மிதந்து செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் வகைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

மாட்ட வந்த பையன் தேனாகப் பேசினான். வீல்ஹவுஸுக்குள், அதாவது போட்டை ஓட்டும் அறைக்குள், கூரையை ஒட்டி, காம்பஸுக்கு ஒரு சாண் தள்ளி இடம் பார்த்தான். "வெளியே வெச்சா மழை, உப்பு, களவு. இங்கே பத்திரம். சேட்டா, பேடிக்கண்டா" என்றான். 'அண்ணா, பயப்பட வேண்டாம்' என்ற அந்த மலையாள வார்த்தையில்தான் விழுந்தேன். ஸ்குரூ எடுத்துக் கொடுத்ததும் நான்தான், டீ வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

பக்கத்துப் போட்டை ஓட்டும் சிராங்கு அண்ணன் ஏறி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "லேய் மக்கா, போட்டு முங்குனா இது எங்க போவும்? கூரைல முட்டிக்கிட்டு உள்ளயே கிடக்கும்." உண்மைதானே! தண்ணீருக்கு அடியிலிருந்து சிக்னல் மேலே போகாது. பெட்டியில் காந்தம் வேறு இருக்கிறது, காம்பஸ் முள் சாய்ந்திருந்ததன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

அதோடு போகவில்லை. நாலு மீட்டர் ஆழம் போவதற்குள் தண்ணீர் அழுத்தத்தில் போல்ட்டை அறுத்துக் கருவியை விடுவிக்கும் ரிலீஸ் என்று ஒன்று உண்டு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. அதன்மேல் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் தேதி, காலாவதியாகி ஏழு மாதம். பதிவுத்தாளைப் பிரித்தால் வெறும் படிவம், என் பெயர்கூட எழுதவில்லை.

போன் செய்தேன். முதல் நாள் "டெக்னீசியன் லீவு". அப்புறம் "திங்கட்கிழமை அனுப்புறோம்". அப்புறம் "நீங்கள்தானே அங்கே மாட்டச் சொன்னீங்க". அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. நேரில் போய் நின்றால், முதலாளி கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்கிறார்: "டெஸ்ட் பட்டனை அமுக்கினா லைட் எரியுதில்லே? பிறகென்ன?" லைட்டுக்கா 46,500 ரூபாய்?

வாங்குகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், எழுத உட்கார்ந்தால் ஆத்திரம்தான் வருகிறது. தலைக்கு மேல் வானம் தெரியும் இடத்தில் மாட்டுங்கள், வீல்ஹவுஸ் கூரைமேல் என்றால் நல்லது. வலை, கயிறு, தார்ப்பாய் சிக்காத இடமா என்று பாருங்கள். காம்பஸிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். கருவியின் 15 எழுத்துக் குறியீடு பெங்களூரில் உள்ள இஸ்ரோ மையத்தில் உங்கள் பெயரில் ஏறிவிட்டதா என்று நீங்களே கேளுங்கள், இல்லையென்றால் சிக்னல் வந்தாலும் யார் போட்டு, எந்த வீட்டுக்குப் போன் பண்ணுவது என்று அவர்களுக்குத் தெரியாது. ரிலீஸ் தேதியைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

பெட்டியை நானே கழற்றிக் கூரைமேல் மாட்டிவிட்டேன். புது ரிலீஸுக்கு வேறு இடத்தில் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை போட்டு தேங்காப்பட்டணத்தில் கட்டிக் கிடக்கிறது.