இரண்டு 'ட'வும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் உஷார்

கைவேலைப் பொருள் விற்பவர்கள், பெயரை அழகாக எழுதித் தரச் சொல்லி யாரிடமாவது பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

காரைக்குடியில் கொட்டான் செய்து விற்கிறேன். பனங்குருத்தோலையில் சாயம் ஏற்றிப் பின்னுகிற கூடைதான். எங்களிடம் 4 பெண்கள் பின்னுகிறார்கள். ஆவணியில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். தாம்பூலத்துக்கு 600 கொட்டான் கேட்டார்கள். ஒவ்வொன்றையும் ஒரு துணிப்பையில் வைத்து, பையில் பெரிதாகக் 'கொட்டான்' என்று அச்சடித்து, ஒரு டேக்கும் கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டேன். அந்த எழுத்துக்காகத்தான் இன்ஸ்டாகிராமில் ஒரு டிசைனரைப் பிடித்தேன்.

அவர் அனுப்பிய மாதிரியைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன், அதை மறைக்க மாட்டேன். 'கொ'வின் கொம்பு ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளிக்கொண்டு நின்றது. 'ட' இரண்டும் ஊஞ்சல் பலகை. புள்ளி வரும் இடத்தில் குட்டிப் பூ. "உங்களுக்காகவே கையால் வரைஞ்சது மேடம், வேற யார்கிட்டயும் இருக்காது" என்றார். 14,000 ரூபாய். பாதி முன்பணம், மீதி முடிந்ததும். பில் எதுவும் கிடையாது, ஜிபேயில் அனுப்பியதோடு சரி.

ஒரே ஒரு ஆசை எனக்கு. டேக்கில் 'பனை ஓலை' என்று வருகிறதே, அந்த 'னை'யும் 'லை'யும் யானைத் தும்பிக்கை போட்ட பழைய எழுத்தாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டேன். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து மாறிவிட்டாலும், எங்கள் ஊர்ப் பழைய கல்யாணப் பத்திரிகைகளில் இன்னும் அந்தத் தும்பிக்கையைப் பார்க்கலாம். "அது வராது மேடம், ஸ்டைல் கெட்டுடும்" என்று முடித்துவிட்டார். கையால் வரைகிற ஆளுக்கு இன்னும் இரண்டு எழுத்து வரைய என்ன கஷ்டம்? அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

டேக் அடிக்க ஃபைலை அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருக்கும் அண்ணன் கோரல்டிராவில் திறந்தார். திரையில் கொட்டானையும் காணோம், ஊஞ்சலையும் காணோம். ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளியுமாக என்னமோ கிடந்தது.

"என்னம்மா, கையால் வரைஞ்சதுன்னு சொன்னே? வரைஞ்ச எழுத்து எப்படிம்மா இங்கிலீஷா மாறும்? இது ஏதோ பழைய ஃபான்ட்" என்றார்.

அவரே விளக்கினார். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவும் முன் வந்த பாமினி மாதிரியான தமிழ் எழுத்துருக்களில், ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்திருப்பார்கள். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். எழுத்தைக் கர்வ்ஸாக மாற்றிக் கொடுத்திருந்தால் வெறும் கோடாகிவிடும், எங்கே திறந்தாலும் மாறாது. அந்த அடிப்படை வேலையைக்கூட அவர் செய்யவில்லை. பிறகு மாதிரிப் படத்தை அண்ணன் பெரிதாக்கிக் காட்டினார். இரண்டு 'ட'விலும் ஒரே இடத்தில் ஒரே பிசிறு. கையால் எழுதினால் இரண்டு தடவை ஒரே மாதிரிப் பிசிறு விழாது. என் கையெழுத்தே காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி இருக்கிறது.

போன் பண்ணிக் கேட்டேன். கர்வ்ஸ் ஆக்கித் தர 2,500 ரூபாய் தனியாக வேண்டும் என்றார்! கல்யாணத்துக்கு 9 நாள்தான் இருந்தது. கொடுத்துத் தொலைத்தேன்.

அதோடு போகவில்லை. துணிப்பைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங். மை இறங்குகிற அச்சு வலையில் அந்தக் குட்டிப் பூப்புள்ளி சரியாகத் திறக்கவில்லை, மை இறங்கவில்லை. 600 பையும் வந்து சேர்ந்தபோது 'கொடடான' என்று இருந்தது. மாதிரிக்கு ஒரு பை அடித்துப் பார்க்காதது என் தப்பு, அதை அவர் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் துணியில் அடிக்கத்தான் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். கம்ப்யூட்டர் திரையில் கொஞ்சுகிற எழுத்து துணியில் நிற்குமா என்று பார்ப்பதும் அந்த 14,000த்தில் சேர்த்திதானே? எங்கள் வீட்டு வளவில் 5 பேர் உட்கார்ந்து தீக்குச்சியைத் துணிச்சாயத்தில் தொட்டுத் தொட்டு 1,200 புள்ளி வைத்தோம். பின்னுகிற ஒரு அக்கா, "கொட்டான் பின்ன வந்தோமா, கோலம் போட வந்தோமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கல்யாணம் முடிந்து ஒரு வாரத்தில், வேறொரு ஊர் முறுக்குப் பாக்கெட்டில் அதே துள்ளும் கொம்பு. 'யார்கிட்டயும் இருக்காது' என்ற எழுத்து! தேடிப் பார்த்ததில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் ஃபான்ட்தான் அது. கூடவே வரும் குறிப்பில், சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம், விற்கும் பொருளில் போடுவதென்றால் உரிமம் வாங்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. டிசைனரிடம் கேட்டதற்கு, "யாரு மேடம் வந்து பார்க்கப் போறா?" என்றார். அடுத்த நாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

அந்த எழுத்துருவைச் செய்தவருக்கு நானே நடந்ததை எழுதினேன். திட்டுவார் என்று பயந்தேன். மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது. 3,200 ரூபாய் கட்டி உரிமம் வாங்கிவிட்டேன். முதலிலேயே அவரிடம் போயிருந்தால் மொத்தச் செலவே அவ்வளவுதான்.

ஃபான்ட் வைத்து டிசைன் செய்வதே தப்பு என்று சொல்லவில்லை. நல்ல எழுத்தைத் தேர்ந்தெடுத்து, இடைவெளி பார்த்து அமைத்துக் கொடுப்பதும் வேலைதான், அதற்குக் கூலி உண்டு. வரைந்தேன் என்று பொய் சொல்லாமல், எழுத்துருவின் பெயரையும் உரிமத்தையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். கையில் காசில்லை என்றால் பலூ தம்பி, காய்னி, கவிவனார் என்று கூகுள் ஃபான்ட்ஸிலேயே குறும்பான தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. எல்லாம் திறந்த உரிமம், யூனிகோடு. விற்கிற பொருளிலும் தாராளமாகப் போடலாம், ஃபான்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. கடைசி ஃபைலைக் கர்வ்ஸ் ஆக்கியதாகவும் ஆக்காததாகவும் இரண்டு விதமாகக் கேட்டு வாங்குங்கள். மீதிப் பணத்தை, அச்சகத்தில் அது சரியாகத் திறந்த பிறகு கொடுங்கள்.

அடுத்த ஆர்டர் கார்த்திகையில், தேவகோட்டைக்கு. இந்தத் தடவை பலூ தம்பி. ஒரே ஒரு பை அடித்து, துவைத்து, கொடியில் காயப் போட்டிருக்கிறேன். புள்ளி இரண்டும் இருக்கின்றன.