ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகவா, எல்லாவற்றுக்கும் சேர்த்தா?

ஜாவாவில் சாளரங்களும் பட்டன்களும் அமைக்க உதவும் ஸ்விங் தொகுப்பில் பத்து டெக்ஸ்ட்ஃபீல்டு, அதாவது எழுத்தைத் தட்டச்சு செய்யும் பெட்டிகள். எல்லாவற்றிலும் கன்ட்ரோல்+டபிள்யூ முந்தைய சொல்லை அழிக்க வேண்டும். இதற்கு இரண்டு வழிகள்.

ஒவ்வொரு பெட்டியின் இன்புட்மேப்பிலும் (எந்த விசைக்கு எந்தச் செயல் என்று சொல்லும் பட்டியல்) விசையைச் சேர்ப்பது முதல் வழி. எந்தப் பெட்டியில் எது வேலை செய்யும் என்பது கண்ணெதிரே தெரியும். ஆனால் அடுத்த மாதம் சேர்க்கும் பதினோராவது பெட்டியில் மறந்துவிடுவோம்.

இரண்டாவது வழி, ஸ்விங்கின் பொது அமைப்புகளை வைத்திருக்கும் யுஐமேனேஜரிடம் எல்லா டெக்ஸ்ட்ஃபீல்டுக்கும் பொதுவான ‘டெக்ஸ்ட்ஃபீல்டு.ஃபோகஸ்இன்புட்மேப்’பை வாங்கி அதில் ஒரே வரி சேர்ப்பது. பெட்டிகளின் சொந்த மேப்பில் இல்லாத விசையை ஸ்விங் அதன் பெற்றோர் வரிசையில் தேடும்; அந்த வரிசையில் இதுவும் இருப்பதால் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். சொல்லை அழிக்கும் ஆக்‌ஷன் (செயலைச் செய்யும் ஆப்ஜெக்ட்) ஸ்விங்கிலேயே இருக்கிறது; விசையை அதன் பெயரோடு இணைத்தால் போதும். ஃபோகஸில் உள்ள, அதாவது இப்போது தட்டச்சு போய்ச் சேரும் பெட்டியை டெக்ஸ்ட்ஆக்‌ஷன் என்ற இந்த வகை ஆக்‌ஷன் தானே கண்டுபிடிக்கும், அதனால் ஒரே ஆப்ஜெக்ட் எல்லோருக்கும் உழைக்கும். இந்த அமைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, சிக்கல்? பாஸ்வேர்டு பெட்டிக்குத் தனி மேப் உண்டு. அதிலும் சேர்க்க வேண்டும். ‘லுக் அண்ட் ஃபீல்’ என்ற தோற்றத் தொகுப்பை மாற்றினால் சேர்த்தது போய்விடும், மறுபடி சேர்க்க வேண்டும். அப்படியும் நான் இரண்டாவதையே எடுப்பேன். ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் வேறு நடத்தை வேண்டுமா? அதன் சொந்த மேப்பில் எழுதுங்கள். தேடல் அங்கிருந்துதான் தொடங்கும்.