மாடிப்படி லிஃப்ட்: எந்தப் படிக்கு எது, யாருக்கு எது

மாடி ஏற முடியாமல் போன பெரியவர்களுக்காக ஸ்டெயர்லிஃப்ட், அதாவது படியோரத் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் இருக்கை, தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் இருக்கையைத்தான் முதலில் பார்க்கின்றன. மெத்தை எப்படி, நிறம் என்ன, ரிமோட் உண்டா என்று. முதலில் பார்க்க வேண்டியது படியின் வடிவம். அடுத்தது, உட்காரப்போகிறவரின் முழங்காலும் இடுப்பும். மற்றதெல்லாம் அப்புறம்.

படி வளையாமல் நேராக ஏறினால் வேலை சுலபம். நேர் தண்டவாளத்தைத் தேவையான நீளத்துக்கு வெட்டி, சுவரில் அல்லாமல் படிகளின் மேலேயே திருகி நிறுத்துவார்கள். பொருத்துவது சில மணி நேர வேலை. தேவை முடிந்தால் கழற்றி இன்னொரு வீட்டிலும் போடலாம், விற்கவும் செய்யலாம். வளைவுப் படிக்கு அப்படி முடியாது. ஒவ்வொரு திருப்பத்தையும் அளந்து, அந்தப் படிக்கென்றே தண்டவாளத்தைச் செய்ய வேண்டும். விலை நேர் ரகத்தைவிட நன்றாகவே கூடும், காத்திருக்கவும் வேண்டும், பிறகு அது வேறு எந்த வீட்டுக்கும் பொருந்துவது அரிது. ஆகவே பழைய நேர் ரகம் நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் பரிசீலிக்கலாம். பழைய வளைவு ரகத்தை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

நடுவில் லேண்டிங் உள்ள படிக்கு மூன்றாவது வழியும் உண்டு: கீழே ஒரு நேர் லிஃப்ட், மேலே ஒரு நேர் லிஃப்ட். செலவு குறையலாம். ஆனால் ஒருமுறை மாடி ஏற இரண்டு தடவை உட்கார்ந்து இரண்டு தடவை எழ வேண்டும், இடையில் லேண்டிங்கில் நடக்கவும் வேண்டும். மூச்சு வாங்குவதுதான் பிரச்சினை, கால் உறுதியாக இருக்கிறது என்பவருக்கு இது போதும். உட்கார்ந்து எழுவதே சிரமம் என்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். படியை விட்டுவிட்டு லேண்டிங்கில் விழ வழி செய்த மாதிரி ஆகிவிடும்.

விபத்துக்கு அதிகம் அஞ்ச வேண்டிய இடம் கடைசிப் படி. லிஃப்ட் ஓடும்போது வேகம் மிகக் குறைவு. ஐரோப்பியத் தரவிதி ஈஎன் 81-40 வினாடிக்கு 0.15 மீட்டருக்கு மேல் விடுவதில்லை. வழியில் ஏதாவது தடுக்கினால் கால் பலகையில் உள்ள சென்சார் நிறுத்திவிடும். ஆனால் மேலே போய் நின்றதும் இறங்க வேண்டுமே! சுழலும் இருக்கை அங்கேதான் கைகொடுக்கிறது. பக்கத்து நெம்புகோலை அழுத்தினால் இருக்கை மாடித் தளத்தை நோக்கித் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். பாதம் கெட்டியான தரையில் படும், முதுகுப் பலகை படிப்பள்ளத்துக்கு முன்னால் தடுப்பாக நிற்கும். கையால் திருப்புவது, மோட்டாரால் திரும்புவது என்று இரண்டு வகை உண்டு. மூட்டுவாதத்தாலோ பக்கவாதத்தாலோ கை பலமிழந்தவருக்கு மோட்டார் வகைதான் சரி. வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். வளைவு ரகத்தில் தண்டவாளத்தையே படி விளிம்பைத் தாண்டித் தளத்துக்குள் கொண்டுபோகவும் முடியும். இடம் இருந்தால் அது இன்னும் நல்லது.

முழங்கால் மடங்காதவர்களுக்கு, பாதி நின்றபடி சாய்ந்து போகும் உயரமான சிறிய இருக்கை கொண்ட ரகம் இருக்கிறது. குறுகலான படியில் முழங்கால் எதிர்ச்சுவரில் இடிக்கும் என்றாலும் இதைச் சொல்வார்கள். உடல் எடையில் ஒரு பகுதி காலில்தான் இருக்கும், அதனால் தலைசுற்றல் உள்ளவருக்கும் தள்ளாடுகிறவருக்கும் வேண்டவே வேண்டாம்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை, பேட்டரிதான். கரண்ட் போனாலும் சில முறை ஏறி இறங்கலாம். நேரடி மின்சாரத்தில் ஓடுவது பாதிப் படியில் நின்றுவிடும். ஆனால் பெரும்பாலான பேட்டரி ரகங்கள் தண்டவாளத்தின் முனைகளில் நிறுத்தினால்தான் சார்ஜ் ஆகும். நடுவில் விட்டுவிட்டால் பீப் ஒலி கேட்கும். அது பழுது இல்லை. பேட்டரியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

தண்டவாளத்தின் கீழ்முனை படியைத் தாண்டிச் சற்று நீளும். எதிரே கதவோ நடைபாதையோ இருந்தால் மடங்கும் முனை கேளுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் எல்லோரும் அதில் தடுக்குவார்கள்.

சக்கர நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாற முடியாதவருக்கு இதில் எந்த ரகமும் உதவாது. அவருக்கு, நாற்காலியோடு ஏறும் மேடை லிஃப்ட்டோ தளத்தைத் துளைத்துப் போகும் வீட்டு லிஃப்ட்டோதான் வழி. முன்னதற்கு அகலமான படி வேண்டும், பின்னதற்குக் கட்டட வேலை வேண்டும். பார்க்கின்சன் போல மெல்ல மெல்லக் கூடும் நோய் என்றால், இன்று மாறி உட்கார முடிகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், வரும் வருடங்களைப் பற்றி மருத்துவரையோ இயன்முறை சிகிச்சையாளரையோ கேட்டுவிடுங்கள். மறதி நோய் உள்ளவர் பாதி வழியில் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு எழலாம். அவரைத் தனியாக ஏற்றக் கூடாது. சாவி போட்டுப் பூட்டும் வசதியும் அவசியம்.

அளக்க வருகிறவர்கள் படியை மட்டும் அளந்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள். விடாதீர்கள். பெரியவரை அவர்கள் சொல்லும் இருக்கை உயரத்தில் உட்காரவைத்து, யாரும் கைகொடுக்காமல் எழ முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முழங்காலிலிருந்து எதிர்ச்சுவர் வரை, தலையிலிருந்து கூரையின் தாழ்ந்த இடம் வரை அளக்கச் சொல்லுங்கள். அவருடைய எடையையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சாதாரண ரகங்கள் பெரும்பாலும் 120 முதல் 140 கிலோ வரைதான் தாங்கும், அதற்கு மேல் என்றால் கனரகம் தனியாகக் கேட்க வேண்டும்.