கைக்குழந்தையின் வாயுத் தொல்லைக்கு ‘தூக்கப் பேக்கேஜ்’ விற்கிறார்கள், வாங்காதீர்கள்

7,450 ரூபாய் போய்விட்டது. போன வாரம் கட்டிய பணம். இன்று காலையிலும் அதே பக்கத்தின் விளம்பரம் என் போனில் வந்தது, அதனால்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஒன்றரை மாதம். விளக்கு வைக்கிற நேரத்தில் அழ ஆரம்பிப்பாள். முகம் சிவந்து, காலை வயிற்றோடு மடக்கி வீறிடுவாள். வயிறு உப்பி விண்ணென்று இருக்கும். காற்று பிரிந்தால் கொஞ்சம் அடங்குவாள், அப்புறம் மறுபடி தொடங்குவாள். அம்மா ஓம வாட்டர் என்றார், மாமியார் வசம்பைச் சுட்டு உரைக்கலாம் என்றார், பக்கத்து வீட்டு அக்கா தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம் தடவச் சொன்னார். நடு இரவில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது இன்னொரு கையில் போன் இருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம் வரும்.

சமூக ஊடகத்தில் குழந்தைப் பொருள் விற்கும் ஒரு பக்கம். நிறைய பேர் பின்தொடர்கிறார்கள். தலைப்பக்கம் உயர்ந்த சாய்வுப் படுக்கை, வாயுவுக்கு மூலிகைச் சொட்டு மருந்து, ஒரு மாதத்துக்கு ‘தூக்க ஆலோசனை’, மூன்றும் சேர்த்து 7,450 ரூபாய்.

வாட்ஸாப்பில் ஒரு வரிதான் அனுப்பினேன். அந்த நேரத்திலும் உடனே குரல் பதிவு வந்தது. ஒரு பெண் பேசினார், பின்னால் ஒரு குழந்தை சிணுங்கும் சத்தம். “சிஸ்டர், முதல்ல நீங்க சாப்டீங்களா?” என்று கேட்டார். பிரசவத்துக்கு அப்புறம் வருகிறவர்கள் எல்லாரும் பாப்பாவைப் பற்றித்தான் கேட்டார்கள், நான் சாப்பிட்டேனா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. “என் பையனும் இப்படித்தான் சிஸ்டர், மூணே நாள்ல தூங்கிட்டான். உங்க பாப்பாவை என் பொறுப்புல விடுங்க. பிடிக்கலன்னா முழுப் பணமும் திருப்பித் தர்றேன்” என்றார். க்யூஆர் கோடு வந்தது, கட்டிவிட்டேன். அதே குரல் பதிவு இன்னொரு தாய்க்கும் போயிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. சாப்டீங்களா என்ற கேள்வி, பின்னணியில் சிணுங்கல், ஒரு சொல்கூட மாறவில்லை. 7,450 ரூபாயைவிட இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பொட்டலம் வந்தது. சொட்டு மருந்துப் புட்டியில் தயாரித்தவர் முகவரி இல்லை, உரிம எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. படுக்கையில் கிடத்தினால் பாப்பா கீழே சரிந்து, தாடை நெஞ்சில் வந்து முட்டுகிறது. இரண்டையும் குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. தாடை இப்படி மடிந்தால் பச்சைக்குழந்தைக்கு மூச்சுக்குழல் அடைபடலாமாம். பத்து டிகிரிக்கு மேல் சாய்வுள்ள தூக்கப் படுக்கைகளை விற்பதற்கு அமெரிக்காவில் 2022-லேயே தடைச் சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே அதையே ‘டாக்டர்கள் பரிந்துரைப்பது’ என்று விற்கிறார்கள்!

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அதுவரை சிஸ்டர், அதன்பின் மேடம். “மூணு நாள் யூஸ் பண்ணிப் பாருங்க மேடம்.” அப்புறம், “டாக்டர்ஸ் அப்படித்தான் சொல்வாங்க, அவங்க மருந்து விக்கணும்ல.” அப்புறம், “குழந்தைப் பொருள் மேடம், சுகாதாரக் காரணத்தால ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்.” போன் செய்தால் ஒரு பையன் எடுத்து, மேடம் லீவு என்பான். பிறகு நீல டிக் மட்டும். விளம்பரத்தின் கீழே நடந்ததை எழுதினேன், அழித்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். அந்தச் சமூக ஊடகத் தளத்திடம் முறையிட்டால், விற்பவரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று தானியங்கிப் பதில் வருகிறது. விளம்பரத்துக்குக் காசு வாங்கும்போது மட்டும் அவர்களுக்கு விற்பவரைத் தெரியும் போல.

விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க முடியாது என்று விற்பவர் சொல்லக் கூடாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 7,450 ரூபாய் வருமா தெரியாது, விடப்போவதில்லை.

மருத்துவர் செய்தது இவ்வளவுதான். என்னைப் பால் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். பாப்பா காம்பை மட்டும் கவ்வுகிறாள், கருவட்டமும் வாய்க்குள் போகாததால் பாலோடு காற்றையும் விழுங்குகிறாள் என்று பிடித்துக் காட்டிச் சரிசெய்தார். ஒரு பக்கம் குடித்ததும் நிமிர்த்தித் தட்டி ஏப்பம் விடவைத்துவிட்டு அடுத்த பக்கம் கொடுக்கச் சொன்னார். ஆறு மாதம்வரை தாய்ப்பால் போதும், ஓம வாட்டரும் வேண்டாம், வசம்பும் வேண்டாம் என்றார். அழுகை நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது. இந்த மாதிரி அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் தானாக அடங்கிவிடுமாம். யோசித்துப் பாருங்கள், ஆறாவது வாரத்தில் எதை வாங்கினாலும் கொஞ்ச நாளில் குழந்தை தூங்கத்தான் போகிறது. அந்தப் பக்கத்தில் குவிந்திருக்கும் ‘நன்றி சிஸ்டர்’ எல்லாம் அப்படி வந்தவையாகத்தான் இருக்கும்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், நேரமில்லை. உரிம எண் இல்லாத சொட்டு மருந்தைக் குழந்தை வாயில் விடாதீர்கள். தூங்கவைக்கும்போது மல்லாக்க, சமதளத்தில், தலையணை இல்லாமல். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, இதில் எது வந்தாலும் வாயு என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பணம் கட்டி ஏமாந்தவர்கள் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள், தாமதித்தால் பணம் கை மாறிவிடும். பிளாக் செய்வதற்கு முன்பே உரையாடல், குரல் பதிவு, பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் சேமித்துவிடுங்கள். இதே குரல் பதிவு உங்களுக்கும் வந்திருந்தால் கீழே சொல்லுங்கள், புகாரோடு சேர்க்கிறேன்.