ஒழுகுகிற வால்வும் ஒரு மாப்ளயும்: 12 மீட்டர் கைட்டோடு மூன்று சீசன்

போன மாதம் என் கைட்டின் வால்வு மூன்றாவது முறையாக ஒட்டி வந்தது. அதே வாரம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிற தம்பி ஒருவன் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நானும் கைட்போர்டிங் கத்துக்கலாம்னு இருக்கேன். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஃப்ரெண்டுகிட்டயே கத்துக்கிட்டு, பழைய கைட் ஒண்ணு வாங்கிரலாமா?" இது டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கைட்போர்டிங் என்பது, பெரிய பட்டம் ஒன்று இழுக்க, பலகையில் நின்று கடல் மேல் ஓடுவது. அந்தப் பட்டம்தான் கைட், அதைப் பற்றி முதலில். 12 சதுர மீட்டர், மூன்று ஸ்ட்ரட் (குறுக்கே விறைப்பாக நிற்கிற காற்றுக் குழாய்), நாலு லைன் (இழுப்புக் கயிறு), ஒரே வால்வில் எல்லா டியூபுக்கும் காற்றடிக்கிற ரகம். கையில் பிடித்து ஓட்டுகிற பாரோடு சேர்த்து 45,000 ரூபாய் கொடுத்தேன். புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். என் 78 கிலோவுக்கு 15 முதல் 20 நாட் (மணிக்குச் சுமார் 28 முதல் 37 கிலோமீட்டர்) காற்றில் தாராளமாகப் போதும். மேலே போய்விட்டால் குறையே சொல்ல முடியாது. திருப்பினால் திரும்பும், நிறுத்தினால் நிற்கும், வேகக் காற்று வந்தால் முரண்டு பிடிக்காது. துணி வெளிறிவிட்டது, தையல் ஒரு இடத்தில்கூடப் பிரியவில்லை. காற்று மட்டும் உள்ளே நிற்காது.

கைட்டில் குழாய் மாதிரி வளைந்த ஒரு முன்விளிம்பு இருக்கும். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் டியூப். அதன் வால்வு அடியில்தான் கசிவு. வெள்ளிக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில் 7 பிஎஸ்ஐ வரை அடித்து வைப்பேன். தட்டினால் டங்கென்று கேட்கும். காலையில் போய்ப் பார்த்தால் ஆறிப்போன பூரி மாதிரி கிடக்கும். வடகம் காயப்போட வரும் அம்மா அதைச் சுற்றிக்கொண்டு நடந்து, "இந்தச் சனியனுக்கு ராத்திரி முழுக்கக் காவல் இருந்தியே, மூச்சு இருக்கா பாரு" என்பார். நாற்பத்தைந்தாயிரம் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

கொஞ்சம் காற்று இறங்கினால் என்ன என்று கேட்கலாம். கைட் கடலில் விழும். கற்றுக்கொள்கிறவனுக்கு மணிக்குப் பத்து தடவை விழும். முன்விளிம்பு விறைப்பாக இருந்தால்தான் அது தண்ணீர் மேல் மிதந்து, ஒரு பக்க லைனை இழுத்ததும் ஓரமாக உருண்டு மறுபடி எழும். பிரான்சின் பிரிட்டனியைச் சேர்ந்த லெகெய்நூ சகோதரர்கள் 1984-ல் காற்றடைத்த கைட்டுக்குக் காப்புரிமை எடுத்ததே, தண்ணீரில் விழுந்தது திரும்ப எழ வேண்டும் என்பதற்காகத்தான். என்னுடையது முதல் அரை மணி நேரம் அந்த அண்ணன் தம்பி பேரைக் காப்பாற்றும். அதற்கப்புறம் நடுவில் மடிந்து, ஈரத் துண்டு மாதிரி தண்ணீரில் ஒட்டிக்கொள்ளும்.

முதல் ரிப்பேர் எங்கள் தெரு சைக்கிள் கடையில். டியூபைக் கைட்டிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு போனேன். ஏழெட்டு மீட்டர் நீளம், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும், பாம்புச் சட்டை போல நழுவும். கடைக்காரர் பெரியவர் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எந்த வண்டி டியூபு?" என்றார். சொன்னேன். நம்பவில்லை. ஆனால் தொட்டித் தண்ணீரில் முழம் முழமாக அமுக்கிக்கொண்டே வந்து, வால்வின் அடியில் கடுகு கடுகாகக் குமிழி வருவதை இரண்டே நிமிடத்தில் காட்டினார். நானும், எனக்குக் கைட் கற்றுக்கொடுத்த மாப்ளயும் சோப்புத் தண்ணீர் தடவி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடியும் கிடைக்காத இடம் அது. சொல்யூஷன் தடவி ஒட்டுப்போட்டார். சாயங்காலம் வரை நின்றது. ரப்பருக்கான பசை இந்த மாதிரி பிளாஸ்டிக்கைப் பிடிக்காது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் தடவை போனபோது பெரியவர் காசு வாங்க மறுத்துவிட்டார். டியூபைத் திரும்ப உறைக்குள் நுழைக்க ஒரு டப்பா முகப்பவுடர் வேண்டும் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் முழுக்கக் கார் கல்யாண வீடு மாதிரி மணத்தது.

இப்போது மாப்ள. கல்லூரியில் பக்கத்து பெஞ்ச். பத்து வருடமாகக் கைட் விடுகிறான். கைட்டை விற்றதும் அவன்தான், ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தால் பெரும்பாலும் மூன்று நாள், ஒன்பது பத்து மணி நேரப் பாடம். "உனக்கெதுக்குடா ஸ்கூலு, நான் இருக்கேன்ல" என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு சீசன் போயிற்று.

நன்றாகத் தெரிந்தவனிடம் கற்றுக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. அவனுக்கு உடம்பு செய்கிறது, வாய்க்குச் சொல்லத் தெரியாது. கைட்டை எப்போது இறக்குவது, எப்போது போர்டில் எழுந்து நிற்பது என்று எது கேட்டாலும் ஒரே பதில்: "பாரை விடுடா!" மதுரைக்காரனிடம் போய் விடு என்றால் எப்படி விடுவான்? திமிலைப் பிடித்தால் விடக் கூடாது என்று பார்த்து வளர்ந்தவன் நான். கைட் இழுக்கும், பயம் வரும், பயம் வந்தால் கை தானாகப் பாரை நெஞ்சோடு இறுக்கும். இறுக்கினால் கைட்டுக்கு இன்னும் பலம். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கிற கதை. பாரை விட்டால் பலம் இறங்கும், கைட் எங்கும் ஓடிப்போகாது, இழுப்பைத் தாங்குவது இடுப்பில் கட்டிய ஹார்னஸ். இந்த மூன்று வரியை அவன் கரையில் உட்காரவைத்து ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கடலுக்குள் முப்பது மீட்டர் தள்ளி நின்று கத்தினான். காற்றில் எனக்கு "டா" மட்டும் கேட்டது.

ஒருநாள் அவன் போனில் பேசிக்கொண்டிருக்க, நான் லைன்களை மாட்டினேன். சிவப்பு லைன் இடது கைக்கு. எதிர்த்திசையில் நடந்துபோனதில் இடது வலது மாறிவிட்டது. அவன் பார்க்காமலே கைட்டைத் தூக்கி விட்டான். மேலேறிய கைட்டை நேராக்க வலது பக்கம் திருப்பினேன், அது இடது பக்கம் போயிற்று. இன்னும் திருப்பினேன், இன்னும் வேகமாகப் போய் மணலில் முகம் குத்தி விழுந்தது. நல்லவேளை, பக்கத்தில் ஆள் இல்லை. மாற்றி மாட்டியது நான், சரிபார்க்காதது அவன். பாதிப் பாதி என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டோம். எனக்கு அவன் பங்கு அறுபது என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவன் வாத்தியாராகவே நடந்துகொண்டான். முதல் நாள், போர்டைத் தொடவே விடாமல், முழங்கால் தண்ணீரில் நிறுத்தித் தப்பித்து வருகிற வித்தையை மூன்று தடவை செய்யவைத்தான். சேஃப்டி என்கிற அவசரப் பிடியைத் தள்ளி, இழுப்பில்லாமல் கைட்டைச் சாகவிட வேண்டும். லைனைப் பாரில் சுற்றிக்கொண்டே அதை நோக்கிப் போக வேண்டும். பிறகு அதன் மேலேயே படுத்துக் கரை சேர வேண்டும். கரையில் ஐஸ் விற்றவர் உட்பட எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அழுகையும் எரிச்சலுமாக வந்தது. மூன்றாம் தடவை முடிந்ததும், "நாலாவது?" என்று கேட்டான் பாவி.

அடுத்த வருடம் ஜூன் மாதம், ராமேஸ்வரம் பக்கத்துத் தென்கடலில், கரையிலிருந்து முந்நூறு மீட்டர் இருக்கும். கைட் விழுந்தது. எழவில்லை. நடுவில் மடிந்து, ஒரு முனை தண்ணீருக்குள் போயிற்று. என் வால்வு. மாப்ள எங்கோ புள்ளியாகத் தெரிந்தான். பயப்படுவதற்கு முன்னாலேயே கை வேலையை ஆரம்பித்துவிட்டது. சேஃப்டி, லைன், சுற்று, சுற்று. ஸ்ட்ரட்டுக்குப் போகிற சின்னக் குழாய்களின் கிளிப்பைக் கரையிலேயே அழுத்தி மூடியிருந்தேன். அதனால் கைட்டிடம் போய்ச் சேர்ந்தபோது மூன்று ஸ்ட்ரட்டும் கல்லாக நின்றன. அதன் மேல் குப்புறப் படுத்துக் காலை உதைத்தேன். நடுவில் சொறிமீன் ஒன்று முழங்கையில் கோடு போட்டுவிட்டுப் போனது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கரைப் பக்கமாக அடித்ததால் தள்ளிக்கொண்டுவந்து விட்டது, ஏறின இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "பட்டம் அறுந்துருச்சா?" என்றார். ஆமாம் என்றேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

அந்தக் கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரை இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல் என்பார்கள். கச்சான் அடிக்கிற மாதங்களில் தென்கரையில் காற்று கரையை நோக்கி வரும். அதே காற்று வடகரையில் கடலுக்குள் தள்ளும். மார்கழி, தையில் வாடை திரும்பினால் எல்லாம் தலைகீழ். புதியவன் கடலுக்குள் தள்ளுகிற காற்றில் இறங்கவே கூடாது. வடகடல் ஆழமில்லாதது, விழுந்தால் நிற்கலாம், ஆனால் பாசி வளர்க்கிற மூங்கில் மிதவைகள் வரிசையாகக் கிடக்கும். அது அடுத்தவர் பிழைப்பு, நம் லைன் அதில் சிக்கக் கூடாது. எந்த மாதம் எந்தக் கரை, எந்தத் திட்டில் எத்தனை மணிக்குக் காற்று செத்துப்போகும் என்பதெல்லாம் மாப்ளக்கு அத்துப்படி. அதைச் சொல்வதில் மட்டும் அவனுக்கு வாய் அடைப்பதில்லை.

எதிர்க்காற்றில் ஏறத் தெரியும் வரைக்கும் ஒவ்வொரு ஓட்டமும் காற்றோடு கீழே கீழே கொண்டுபோய் விடும். கைட்டையும் போர்டையும் தூக்கிக்கொண்டு மணலில் திரும்பி நடக்க வேண்டும். "ராமேஸ்வரம் வந்தா பாதயாத்திரை இல்லாமலா?" என்பான் மாப்ள. ஒன்றரை சீசன் நடந்தேன். மூன்றாம் சீசனில் ஒரு சாயங்காலம், இறங்கின இடத்துக்கே திரும்பி வந்தேன். நட்டுவைத்திருந்த குச்சியும் செருப்பும் எதிரே. அவன் ஒன்றும் சொல்லவில்லை, தலையில் தட்டிக் காட்டினான். கைட்டை இறக்கட்டுமா என்று கேட்கிற சைகை அது. கரையில் நின்ற பையன்கள் எல்லோரும் அதைப் பார்த்துத் தங்கள் தலையில் தட்டிக்கொண்டார்கள்.

சரி, வால்வு. மூன்று வருடமாக மாப்ளயைத் திட்டியிருக்கிறேன். ஓட்டை டியூபை என் தலையில் கட்டிவிட்டான் என்று பொதுவான நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறேன். போன மாதம் கரையோரம் பயிற்சிப் பள்ளி நடத்துகிற ஒருவரிடம் கொடுத்தேன். பழைய வால்வை உரித்தெடுத்து, அடியைத் துடைத்து, புதிதாக ஒட்டி, எடை வைத்து ஒரு நாள் காயவிட்டார். 2,800 ரூபாய். உரித்த வால்வைக் காட்டி, "இது தேய்ஞ்சு போனதில்ல. சூட்டுல பசை இளகியிருக்கு. வெயில்ல கார் டிக்கில போட்டு வைப்பீங்களா?" என்றார்.

சித்திரை வெயிலில் மதுரையில் என் கார் நிற்கிற இடத்துக்கு நிழல் கிடையாது. கைட் வருடம் முழுக்க டிக்கியில்தான் இருந்தது. வீட்டுக்குள் கொண்டுவந்தால் அம்மா விலை கேட்பார் என்று. சரி, தப்பு என்னுடையதுதான். இருந்தாலும் கைட்டை விற்கிறவன் வெயிலில் வைக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? "பாரை விடுடா" என்று ஆயிரம் தடவை சொன்னவனுக்கு இது வரவில்லையா?

ஆகவே தம்பி, பள்ளியில் சேர்ந்துவிடு. சான்றிதழ் வாங்கிய பயிற்சியாளரிடம் மூன்று நாளில் முடிவதை நண்பனிடம் மூன்று சீசன் இழுக்காதே. பழைய கைட் வாங்காதே. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் காற்றடித்து ஒரு ராத்திரி வைத்துப் பார்க்காமல் வாங்காதே. 2024 ஒலிம்பிக்கில் மார்செய் கடலில் சிங்கப்பூர்ப் பையன் மேக்ஸ் மேடர் 17 வயதில் வெண்கலம் வாங்கியதைப் பார்த்துத்தான் உனக்கு ஆசை வந்தது என்றாய். அவர்கள் விடுகிற கைட்டில் ஊதுகிற டியூபே கிடையாது, துணிக்குள் காற்றே புகுந்து உப்பிக்கொள்ளும். எனக்குப் பொறாமை அந்தப் பதக்கத்தின் மேல் இல்லை.

மாப்ளயின் எண்ணைக் கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம், அவன் கொஞ்சம் பிஸி. ஆடியில் அம்மியே பறக்குமாம், அந்தக் காற்றுக்கு என் 12 மீட்டர் ரொம்பப் பெரிது. அவனிடம் ஒரு 9 மீட்டர் கைட் சும்மா கிடக்கிறது. முன்பணம் 5,000 நேற்று அனுப்பிவிட்டேன். மீதியை, இந்த வெள்ளிக்கிழமை ராத்திரி மாடியில் வைத்துப் பார்த்துவிட்டுத் தருவதாகப் பேச்சு.