பாளையங்கோட்டைக் குடியிருப்பில் ஏ.இ.டி. கருவி: இரண்டாண்டு அனுபவம்

திடீரென இதயத் துடிப்பு நின்று விழுந்தவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதற்காக எங்கள் குடியிருப்போர் சங்கம் வாங்கி வைத்திருக்கும் தானியங்கி இதய அதிர்வுக் கருவியை (ஏ.இ.டி.) இதுவரை எவருக்கும் பயன்படுத்த நேரவில்லை. ஆகவே பயிற்சியின்போது கண்டதையும் பராமரிப்பில் பட்ட பாட்டையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

இயக்குவது எளிது. மூடியைத் திறந்ததும் குரல் வழிகாட்டுகிறது. அதிர்ச்சியை உடலுக்குக் கடத்தும் இரண்டு ஒட்டுப் பட்டைகளில் ஒன்றை வலது காறை எலும்புக்குக் கீழும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாப்புறத்திலும் ஒட்டினால், கருவியே இதயத் துடிப்பை ஆராய்ந்து, மின்னதிர்ச்சி தேவையென்றால் மட்டும் பொத்தானை அழுத்தச் சொல்கிறது; அந்நேரம் யாரும் நோயாளியைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அதிர்ச்சி கொடுத்ததும் பட்டைகளைக் கழற்றாமல், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் மார்பை உடனே அழுத்தத் தொடங்க வேண்டும். 108-க்கு அதற்கு முன்பே ஒருவர் அழைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெருங்குறை, குரல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே ஒலிப்பது. இரவில் கருவிக்கு அருகில் இருப்பவர் காவலாளி அண்ணாச்சிதான். அவருக்காகத் தமிழில் எழுதிய தாளொன்றை மூடியின் உட்புறம் நாங்களே ஒட்டினோம். தாமிரபரணியில் குளித்துவிட்டு ஈர உடம்போடு திரும்புவோர் நிறைந்த ஊர் என்பதால், மார்பைத் துடைக்கத் துண்டும், உடையை வெட்டக் கத்தரியும், அடர்ந்த முடியை மழிக்கச் சவரக்கத்தியும் உடன் வைத்திருக்கிறோம்.

விற்பனையாளர் கருவியை வாயிற்காவல் அறையில் மாட்டிவிட்டுப் போனார். தகரக் கூரை வேய்ந்த அந்த அறை சித்திரை வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்பது திருநெல்வேலிக்காரருக்குத் தெரியும்; கையேடோ 50 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது. சூட்டில் பட்டைகளின் பசை உலர்ந்துவிடும் என்பதால் தரைத்தள நூலக அறைக்கு மாற்றினோம். அங்கே இரவில் பூட்டுப் போடும் வழக்கம் இருந்ததைப் பயிற்சி நாளில்தான் கவனித்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்; இப்போது பூட்டு இல்லை.

கருவி தன்னைத்தானே சோதித்துப் பச்சை விளக்கு காட்டுகிறது. ஆனால் எங்கள் மாடலில் பட்டைகளின் காலாவதித் தேதியை அவ்விளக்கு அறியாது. உறையைப் பார்த்து நாங்களே தெரிந்துகொண்டு கேட்ட பிறகும், மாற்றுப் பட்டைகள் வந்துசேர ஏழு வாரமாயிற்று. கருவிக்கு நான்கு நட்சத்திரமும் சேவைக்கு ஒன்றும் தருகிறேன். வாங்குவோர் உபரிப் பட்டை ஒரு சோடியையும் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.