மாருதி ஜிப்ஸி என்ஜின் வேலை: ரிங் மட்டுமா, போர் போடுவதா, ஓடிய என்ஜினா?

கார்புரேட்டர் கால 1300 சிசி ஜிப்ஸி நீலப் புகை விட ஆரம்பித்தால் மூன்று வழிகள் உண்டு: பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் செட் மட்டும் மாற்றுவது, போர் போட்டு (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி) அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் இறக்குவது, சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ ஓடிய (பழைய) என்ஜின் வாங்கி மாட்டுவது. எது பொருந்தும் என்பதைப் புகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிலிண்டர் துளையின் விட்டத்தைக் காட்டும் போர் கேஜில் அளந்து முடிவு செய்யுங்கள்.

அதற்கும் முன், என்ஜின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். நல்ல என்ஜினில் சதுர செ.மீ.க்கு 14 கிலோ வரும். 12-க்குக் கீழே போனாலோ, சிலிண்டர்களுக்குள் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ கோளாறுதான். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் அல்லது போர், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் குறைந்திருந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். இரவு நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் புகைத்தால் பெரும்பாலும் வால்வு சீல்தான்; பிளாக்கைத் தொடவே வேண்டாம்.

ரிங் மட்டும் மாற்றுவது மலிவு. ஆனால் செய்த வேலை வீணாவதும் இதில்தான் அதிகம். 74 மி.மீ. போரை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளக்க வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் 0.10 மி.மீ. வித்தியாசம் இருந்தால், பிஸ்டன் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ரிங் வாய் (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) 0.31 மி.மீ. விரிந்து சுருங்கும். எந்தப் புது ரிங்கும் அதைத் தாங்காது. போரின் உச்சியில் தேயாமல் நிற்கும் விளிம்பில் புது மேல் ரிங் இடித்து உடைவதும் உண்டு. வித்தியாசம் 0.05-க்குள் இருந்தால் தாராளமாக ரிங் போடலாம். ரிங்கைப் பிஸ்டனால் போரின் அடிவரை தள்ளி, ரிங் வாய் ஃபீலர் கேஜில் 0.20 முதல் 0.35 மி.மீ. வரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடிய என்ஜின் வேகமான வழி. ஆனால் ஹெட்டைக் கழற்றி அளக்க விடாத கடையில் வாங்காதீர்கள். ஆர்சியில் என்ஜின் நம்பரையும் மாற்றிப் பதிய வேண்டும்.

தேய்மானம் 0.10-ஐத் தாண்டிவிட்டால் போர் போடுவதுதான் சரி. முதலில் பிஸ்டனை வாங்கி, பிறகு பிளாக்கோடு பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, 0.02 முதல் 0.04 மி.மீ. இடைவெளி விட்டு அதனதன் போரை முடிக்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் தேய்ந்திருந்தாலும் நாலையும் போட வேண்டும். 0.25 ஓவர்சைஸில் தேய்மானம் முழுக்கப் போய்விட்டால் அதோடு நிறுத்துங்கள். அடுத்த முறைக்கு 0.50 மிச்சம் இருக்கும். ஹெட் அலுமினியம் என்பதால் ஒருமுறை கொதித்த வண்டியில் வளைவு பார்த்தே தீர வேண்டும், 0.05-க்கு மேல் என்றால் ஃபேஸிங் (முகத்தைச் சமமாகக் கடைவது).

ஓனிங் (கல்லால் தேய்த்து மெருகேற்றுவது) முடிந்து வந்த போரை மண்ணெண்ணெயில் மட்டும் கழுவினால் கல் துகள் உள்ளேயே தங்கி, புது ரிங்கை அரைத்துவிடும். சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியில் கறை படிவது நிற்கும்வரை துடைத்து, துரு ஏறும் முன் ஆயில் தடவுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் நெடுநேரம் விடாமல், மிதமான லோடில் ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் உட்காரும். 500 கிலோமீட்டரில் முதல் ஆயிலை வடித்துவிடுங்கள்.